வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ் போடலாம்?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதற்கப்புறம் சிவகாசியில் நான் நடத்தும் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "லினக்ஸ் போட்டுக்கலாம்னு பையன் சொல்றான். அதுல ஏகப்பட்டது இருக்காமே, எது நல்லதுக்கா?"

விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். ஆனால் நான்காம், ஐந்தாம், ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப்கள் நம் வீடுகளில் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. கீபோர்டு, திரை, சார்ஜர் எல்லாம் சரியாக இருக்கும் ஒரு மெஷினைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் அதே மெஷினை இன்னும் பல வருடம் பாதுகாப்பாக ஓட்டலாம்.

லினக்ஸ் என்பது அடியில் இருந்து மெஷினின் பாகங்களை இயக்கும் கெர்னல் மட்டும்தான். அதோடு டெஸ்க்டாப் (திரையில் தெரியும் மெனு, ஜன்னல் எல்லாம்), பிரவுசர், அப்டேட் வரும் வழி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குழு தயாரித்துத் தருவதை டிஸ்ட்ரோ என்கிறார்கள். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எல்லாம் அப்படிப்பட்ட டிஸ்ட்ரோக்கள். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் உடனே பெயர் சொல்வதில்லை. இந்த மெஷினில் என்ன வேலை நடக்கிறது, மெஷினுக்குள் என்ன இருக்கிறது, ஏதாவது தடங்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று மூன்று விஷயம் கேட்பேன். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பெயர் தானாக வந்துவிடும்.

முதலில் வேலையைப் பாருங்கள்

ஒரு தாள் எடுத்து கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு வாரத்துக்கு வீட்டில் யார் எந்தப் புரோகிராமைத் திறந்தாலும் அதில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாளில் முக்கால்வாசி பிரவுசர் என்றுதான் இருக்கும். யூடியூப், வாட்ஸ்அப் வெப், பாங்க், ரயில் டிக்கெட், கரண்ட் பில், மெயில் என எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். இதற்கு எந்த லினக்ஸும் போதும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுமே லினக்ஸுக்கு உண்டு.

மீதமிருக்கும் கால்வாசியில்தான் முடிவு இருக்கிறது. டேலி விண்டோஸுக்கு மட்டும்தான். வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவர்கள் விண்டோஸை முழுக்க விட முடியாது. கோரல் டிரா, ஃபோட்டோஷாப் இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. எங்கள் ஊரில் இது பெரிய விஷயம். தெருவுக்குத் தெரு பிரஸ், அதை நம்பி வீட்டிலேயே டிசைன் வேலை செய்யும் பிள்ளைகள். அவற்றுக்கு மாற்றாக லினக்ஸில் ஓடும் இன்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்க்ரைபஸ் எல்லாம் நல்ல புரோகிராம்கள்தான், புதிதாகக் கற்கிறவர்களுக்கு நானே அவற்றைச் சொல்வேன். ஆனால் பிரஸ்ஸிலிருந்து கோரல் ஃபைலாக வந்து கோரல் ஃபைலாகவே திரும்பப் போக வேண்டிய வேலை என்றால், அந்த மெஷினில் விண்டோஸ் இருக்கட்டும். வருமானம் வருகிற மெஷினில் பரிசோதனை வேண்டாம். ஜிஎஸ்டிக்காக டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகிப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

காலேஜ் பிள்ளைகள் இருந்தால் ஆன்லைன் தேர்வு எந்தப் புரோகிராமில் நடக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தேர்வு நேரத்தில் திரையைப் பூட்டி வைக்கும் புரோகிராம்கள் பலவற்றுக்கு லினக்ஸ் வடிவமே கிடையாது. விளையாட்டில் ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடை வழியாக வருபவை நிறைய ஓடும். வேலரண்ட் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு முறை லினக்ஸை ஏற்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் வீட்டில் பின்னால் சண்டை வராது.

ஆபீஸ் ஃபைல்களுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். வேர்டில் செய்த ஃபைலைத் திறந்தால் வரிகள் இடம் மாறித் தெரிகிறது என்று பலர் சொல்வார்கள். பாதி நேரம் அது ஃபான்ட் பிரச்சினைதான். கலிப்ரி, கேம்ப்ரியா இரண்டுக்கும் எழுத்தின் அகலம் அப்படியே பொருந்தும்படி கார்லிட்டோ, கலாடியா என்று இலவச ஃபான்ட்கள் இருக்கின்றன. அவை மெஷினில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கம் பெரும்பாலும் தன் இடத்தில் நிற்கும்.

தமிழ் ஃபைல்கள் இருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது 2010-இல். அதற்கு முன்னால் தட்டச்சு செய்தவை, பிரஸ் வேலைக்காக இன்றும் செய்யப்படுபவை எல்லாம் பெரும்பாலும் வானவில், பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் இருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ஃபைல் கெடவில்லை. பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபான்ட் ஃபைலை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதை இரண்டு முறை க்ளிக் செய்து இன்ஸ்டால் செய்தால் எழுத்து திரும்ப வந்துவிடும். அதைப் படிக்க, பிரின்ட் எடுக்க இது போதும். புதிதாகத் தட்டச்சு செய்வதற்கு யூனிகோடுக்கு மாறிவிடுங்கள்.

மெஷினுக்குள் என்ன இருக்கிறது

விண்டோஸ் இருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ரேம் எவ்வளவு, டிஸ்க் எச்டிடியா (சுற்றும் ஹார்ட்டிஸ்க்) எஸ்எஸ்டியா (சுற்றும் பாகமில்லாத வேகமான டிஸ்க்), எந்த ப்ராசசர் என்று தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

ரேம் 8 ஜிபி இருந்தால் எந்த டிஸ்ட்ரோவும் போடலாம், யோசிக்க வேண்டியதே இல்லை. 4 ஜிபி என்றால் கொஞ்சம் இலகுவான டெஸ்க்டாப் எடுப்பது நல்லது. 2 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப் உள்ளதாகப் பாருங்கள், பிரவுசரில் இரண்டு மூன்று டேபுக்கு மேல் திறக்காதீர்கள். மெமரியைத் தின்பது டிஸ்ட்ரோவைவிட பிரவுசர்தான். எந்த இலகு லினக்ஸ் போட்டாலும் யூடியூப் பக்கம் அதே கனம்தான்.

அதனால் டிஸ்ட்ரோவைத் தேடி நாள் கணக்கில் வீடியோ பார்ப்பதற்கு முன், மெஷினில் சுற்றும் ஹார்ட்டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். மின்டிலிருந்து வேறொரு இலகு டிஸ்ட்ரோவுக்கு மாறினால் கிடைக்கும் வித்தியாசத்தைவிட இது எத்தனையோ மடங்கு பெரியது. வீட்டு வேலைக்கு 256 ஜிபி தாராளம்.

தமிழ்நாடு அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன. அக்கா படித்தது, தம்பி படித்தது, இப்போது அக்கா பிள்ளை கேட்கிறது. ஆரம்ப கால மெஷின்களில் 2 ஜிபி ரேம்தான். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே அவற்றில் பல வந்தன. டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த டிஸ்ட்ரோ அது. பூட் ஆகும்போது வரும் பட்டியலில் அதையும் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலோர் தொட்டிருக்க மாட்டார்கள். ரேமை 4 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி போட்டு, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு மின்ட் ஏற்றினால் அந்த மெஷினில் பள்ளிப் பாடம் படிக்கலாம், பைத்தான் எழுதிப் பழகலாம், லிப்ரே ஆபீஸில் ப்ராஜெக்ட் செய்யலாம்.

அதைவிடப் பழைய, 32 பிட் ப்ராசசர் மட்டுமே உள்ள மெஷின் என்றால் நேராகவே சொல்லிவிடுகிறேன், இன்டர்நெட்டுக்கு அதை நம்பாதீர்கள். குரோம் 32 பிட் லினக்ஸை 2016-இலேயே கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 144-தான் அதற்கு வந்த கடைசி வழக்கமான பதிப்பு. டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரே இல்லை. ஆன்டிஎக்ஸ் போல ஒன்றிரண்டு அதில் ஏறும். பாட்டுக் கேட்க, தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம்.

வைஃபை சிப்பும் முக்கியம். இன்டெல் சிப் என்றால் கவலை இல்லை. பிராட்காம் என்றால் டிரைவர் (அந்தச் சிப்பை ஓட்டும் புரோகிராம்) தனியாக இறக்க வேண்டி வரலாம், அதை இறக்கவே இன்டர்நெட் வேண்டுமே என்று முழிக்க வேண்டாம். மொபைலை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் (மொபைலின் இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தருவது) போடுங்கள், லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும். பிரிண்டரைப் பொறுத்தவரை, எச்பி மாடல்களுக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது, பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஏர்பிரின்ட் ஏற்கும் வைஃபை பிரிண்டர்களுக்கு டிரைவரே வேண்டாம். தனக்கென ஒரு மொழி வைத்திருக்கும் பழைய மலிவு லேசர் பிரிண்டர்கள்தான் இழுத்தடிக்கும். வீட்டில் ஜெராக்ஸ், பிரின்ட் வேலை நடக்கிறதென்றால் பிரிண்டர் மாடலை முன்னாலேயே தேடிப் பாருங்கள்.

பெயருக்கு வருவோம்

வீட்டுக்கு என்றால் நான் முதலில் பார்ப்பது எவ்வளவு வருடம் அப்டேட் வரும் என்பதைத்தான். அழகு, வேகம், புதுமை எல்லாம் அதற்குப் பின்னால். அம்மாவும் பிள்ளைகளும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிதாக மாற்றக் கூடாது. இன்று கற்றுக்கொண்ட பட்டன் அடுத்த வருடமும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் நான் அதிகம் போட்டுத் தருவது லினக்ஸ் மின்ட். 22 வரிசை 2024-இல் வந்தது, உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. சின்னமன் டெஸ்க்டாப் விண்டோஸில் பழகிய கைக்கு உடனே ஒத்துவரும். இடது மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார், வலது மூலையில் கடிகாரமும் வைஃபையும். 4 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் சின்னமன், 4 ஜிபியோ அதற்குக் கீழோ என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. டிரைவர் மேனேஜர், அப்டேட் மேனேஜர், கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் எல்லாம் முதலிலேயே உள்ளே இருக்கின்றன. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பக்கமே போகாமல் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் இதை ஓட்டலாம்.

உபுண்டுவும் நல்ல தேர்வுதான். 2004-இலிருந்து வருகிறது. எல்டிஎஸ் என்று போட்டிருக்கும் பதிப்பை மட்டும் எடுங்கள். அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து வருடம் அப்டேட் உண்டு. வீட்டுக்காரர்கள் உபுண்டு ப்ரோவில் இலவசமாகப் பதிந்துகொண்டால் பத்து வருடம் வரை நீளும். ஐந்து மெஷின் வரை காசு கிடையாது. அதன் டெஸ்க்டாப் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், மொபைலில் பழகிய பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பெரியவர்கள் மெனு எங்கே என்று தேடுகிறார்கள். பழைய மெஷினில் ஸ்னாப் என்ற தொகுப்பு முறையில் வரும் அதன் புரோகிராம்கள் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே 4 ஜிபி மெஷின்களுக்கு நான் மின்ட் பக்கம் சாய்கிறேன்.

டெபியன் எனக்கு மிகவும் பிடித்தது. 1993-இல் தொடங்கியது. மின்ட், உபுண்டு இரண்டும் அதன் வழியில் வந்தவைதான். முன்பு வைஃபை சிப்புக்குள் ஏற வேண்டிய சின்ன புரோகிராமான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12-லிருந்து அதுவும் இன்ஸ்டாலரிலேயே வந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. போட்டுவிட்டால் அசையாது. ஆனால் முதல் தடவை அமைத்துக் கொடுக்க விஷயம் தெரிந்த ஒரு கை வேண்டும்.

ஃபெடோரா புது லேப்டாப்புக்குப் பொருத்தம், புது ஹார்டுவேரை சீக்கிரம் அடையாளம் காணும். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு, அதற்குள் மேலேற்ற வேண்டும். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளையின் சொந்த மெஷினுக்குச் சரி, குடும்ப மெஷினுக்கு வேண்டாம். ஆர்ச், மஞ்சாரோ வகையறா தினமும் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை. கற்றுக்கொள்ள அருமையான இடம், ஆனால் அப்பா நாளைக்குக் காலையில் பென்ஷன் விவரம் பார்க்க வேண்டிய மெஷினில் அதை ஏற்றக் கூடாது.

மூன்றாவது கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது. உங்கள் அண்ணன் மகனோ பக்கத்து வீட்டுத் தம்பியோ ஃபெடோராவில் நன்றாகப் பழகியவர், கூப்பிட்டால் வந்து நிற்பார் என்றால், நான் இவ்வளவு சொன்னதையும் தள்ளிவைத்துவிட்டு ஃபெடோராவே போடுங்கள். உதவிக்கு ஆள் இருக்கும் டிஸ்ட்ரோதான் வீட்டில் நிலைக்கும். அப்படி யாருமே இல்லையென்றால் மின்ட் அல்லது உபுண்டு. கூகுளில் பிரச்சினையை அடித்தால் பதில் அதிகம் கிடைப்பது இவற்றுக்குத்தான்.

போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அந்த டிஸ்ட்ரோவின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு டிஸ்ட்ரோவும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்குங்கள். மின்ட் 3 ஜிபியை ஒட்டி இருக்கும், உபுண்டு 6 ஜிபியை ஒட்டி. மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள். அங்கேயே கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு (ஃபைல் முழுசாக வந்ததா என்று காட்டும் எண்) இறக்கிய ஃபைலின் எண்ணை ஒப்பிட்டுவிடுங்கள், பாதியில் அறுந்த ஃபைலோடு மல்லுக்கட்டுவது மிச்சமாகும். ரூஃபஸ் அல்லது பலேனா எச்சர் என்ற புரோகிராமை வைத்துப் பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பிறகு மெஷினை ஆன் செய்யும்போது பூட் மெனு கீயை அழுத்துங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட்டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸ் ஓடும். இதை அவசரமாகப் பார்த்து மூடிவிடாதீர்கள், ஒரு மாலை முழுக்க ஓட்டுங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரிலும் ஹெட்செட்டிலும் சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கீ வேலை செய்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பாருங்கள். மூடியைச் சாத்திவிட்டுத் திறந்தால் மெஷின் விழிக்கிறதா என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தினமும் எரிச்சல் தருவது அதுதான். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போட வேண்டாம். ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லையென்றால் அடுத்த டிஸ்ட்ரோவை எழுதி இதே சோதனையைச் செய்யுங்கள்.

இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே

டேலி, கோரல் போன்ற காரணம் இருந்தால் விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸ் போடலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு 60 ஜிபியாவது சுருக்கிக் காலியாக விடுங்கள். விண்டோஸை முழுக்க அணைய விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிய பிறகுதான் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மெஷினின் அமைப்புத் திரை) பக்கம் போக வேண்டும். இன்ஸ்டாலரில் ஹார்ட்டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பயாஸில் ஸ்டோரேஜ் முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஏஎச்சிஐ ஆக மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸும் இருக்கும் மெஷினில் இதை நேரடியாக மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது, தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

எதற்கும் முன்னால் பேக்கப். "எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. இன்ஸ்டாலரில் 'எரேஸ் டிஸ்க்' என்று கொடுத்தால் சி, டி என்ற பேதமே கிடையாது, ஒரே ஹார்ட்டிஸ்க்கின் பாகங்கள்தான் இரண்டும். கல்யாண ஃபோட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன், பிள்ளைகளின் வீடியோ எல்லாவற்றையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் ஏற்றி, அதை இன்னொரு மெஷினில் திறந்தும் பார்த்துவிட்டுத்தான் இன்ஸ்டாலரைத் தொட வேண்டும்.

மின்ட் போடும்போது மல்டிமீடியா கோடெக் என்று ஒரு டிக் பெட்டி வரும், போட்டுவிடுங்கள், வீடியோக்கள் தடையின்றி ஓடும். போட்டு முடித்ததும் அப்டேட் மேனேஜரை ஒருமுறை முழுக்க ஓட்டி, டைம்ஷிஃப்டில் வாரம் ஒருமுறை ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுக்கச் சொல்லுங்கள். அது சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும். உங்கள் ஃபோட்டோக்களை அது சேர்ப்பதில்லை, அதற்கு வெளி ஹார்ட்டிஸ்க்தான்.

தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டர், அழகி என்று விண்டோஸில் வைத்திருந்தவர்கள் இங்கே ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவிக்கொள்ள வேண்டும். அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் என எல்லா அமைப்பும் இருக்கின்றன. பட்டியலில் தமிழ் கீபோர்டு என்று வேறு சிலவும் தெரியும். எம்17என் என்று போட்டிருக்கும் தமிழ்99-ஐயே எடுங்கள், தானாகப் புள்ளி வைப்பது அதில்தான் சரியாக நடக்கும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மெஷினில் சில சமயம் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நிற்கும். உள் கடிகாரத்தின் பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். மெஷினின் உள் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.